சாவித்திரி கோர்ட்டில் பேசியது

என் அத்தையின் பெயர் சரோஜா. 1938-ஆம் வருஷம், கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர் பிறந்தபோது, குலதெய்வத்தின் பெயரையோ கொள்ளுப்பாட்டியின் பெயரையோ வைப்பதுதான் முறை என்று பெரியவர்கள் எல்லாரும் எதிர்பார்த்திருக்க, அந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் உபாத்தியாயராக இருந்த என் தாத்தா, முந்தின வருஷம் கும்பகோணம் போய் 'பாலயோகினி' என்ற படத்தைப் பார்த்துவிட்டு வந்த மயக்கம் தீராதவராய், அதில் நடித்த சிறுமியின் பெயரைத்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாராம். சினிமாக்காரியின் பெயரா என்று வீட்டில் இரண்டு நாள் சமையல் சரியாக நடக்கவில்லை என்பது குடும்ப இதிகாசம். ஆனால் தாத்தா ஒருவர் மட்டும் அல்ல; பேபி சரோஜாவைப் பார்த்த தகப்பன்மார் பலர் அந்தக் காலத்தில் அதையேதான் செய்திருக்கிறார்கள். அத்தை படித்த வகுப்பில் மூன்று சரோஜாக்கள் இருந்ததால், இவர் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை "ரெண்டாம் நம்பர் சரோஜா"வாகவே இருந்தார்.

சென்ற மாதம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கியிருந்தார். அந்தப் பத்து நாளில் இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு, அவரும் நானும் 'தியாகபூமி'யைப் பார்த்தோம். அன்று முதல் அந்தப் படமும், அதைச் சுற்றியிருந்த காலமும், அந்தக் காலத்துச் சினிமா எதைச் சொல்லத் துணிந்தது, எதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டது என்ற கேள்வியும் மனத்தை விட்டு அகலவில்லை.

தமிழில் பேசும்படம் பிறந்தபோது அது சமூகத்தைப் பற்றிப் பேசப் பிறக்கவில்லை. 1931-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி வெளியான 'காளிதாஸ்' தொடங்கி அடுத்த நாலைந்து வருஷங்கள், நாடக மேடையிலிருந்து இறங்கிவந்த புராணங்களும், வள்ளியும் பவளக்கொடியும் சாரங்கதரனும்தான் வெண்திரையை ஆண்டார்கள். இருந்தாலும், மகாகவி காளிதாசனின் கதையைச் சொல்லவந்த அந்த முதற்படத்திலேயே, கதைக்கும் காலத்துக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லாமல், டி.பி. ராஜலக்ஷ்மி ராட்டினத்தைப் புகழ்ந்து, மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டைப் பாடினார் என்பதை நினைக்கும்போது, அந்தக் கலை எந்தப் பொழுதில் பிறந்தது என்பது விளங்கிவிடுகிறது. உப்புச் சத்தியாக்கிரகத்தின் சூடு ஆறாத வருஷம் அது. பழங்கால ராஜசபையாயிருந்தால் என்ன, ராட்டினத்தை நுழைக்க ஒரு சந்து கிடைக்காமலா போகும்!

1935-இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவி, டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்க ராஜா சாண்டோ டைரக்ட் செய்த 'மேனகா' வெளிவந்தபிறகுதான், நம் வீட்டுக் கூடமும் சமையலறையும் சினிமாவுக்குத் தகுந்த இடங்கள் என்ற எண்ணம் ஏற்பட்டது. மறுவருஷம் எஸ்.எஸ். வாசனின் கதையான 'சதிலீலாவதி' மதுபானத்தின் கேட்டைச் சொல்ல வந்தது. அதில் இன்ஸ்பெக்டராகச் சிறு வேஷத்தில் அறிமுகமான இளைஞர் பிற்பாடு இந்த மாநிலத்தையே ஆண்டார் என்பதால் அந்தப் படம் இன்று வேறு காரணத்துக்காக நினைக்கப்படுகிறது. இதே சாயலில் மதுரை நாடகக் கம்பெனி ஒன்று 'பதிபக்தி' என்று நாடகம் போட்டுவந்ததால் யார் கதையை யார் எடுத்தது என்று வழக்கு மூண்டதும், ஹென்றி வுட் சீமாட்டி என்ற ஆங்கில நாவலாசிரியையின் புத்தகம்தான் இரண்டுக்கும் மூலம் என்று வாசனே ஒப்புக்கொண்டதும் வேடிக்கையான செய்தி. கள்ளுக்கடையை மூடச் சொல்லும் நீதி கப்பலேறிக்கூட வரலாம் போலும். 1937 அக்டோபரில் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, சினிமா அந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை நடத்தி முடித்திருந்தது.

ஆயினும் சீர்திருத்தம் என்பதைத் தமிழ் சினிமாவின் மத்தியில் கொண்டுவந்து உட்காரவைத்தவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், பாபநாசத்தில் பிறந்து, வக்கீல் தொழிலுக்குப் படித்து, அதை விட்டுவிட்டுப் படமெடுக்க வந்த கே. சுப்ரமண்யம் அவர்களைத்தான் சொல்லவேண்டும். எம்.கே. தியாகராஜ பாகவதரை 1934-இல் 'பவளக்கொடி'யில் அறிமுகம் செய்தவரும் அவரே என்பதால், புராணம் ஓடும் என்பதை அறியாதவர் அல்லர், அறிந்தே விலகிப்போனவர். 'பாலயோகினி'யில், உறவினர் துரத்திவிட்டதால் போக்கிடமற்றுப்போன பிராமணப் பெண்கள், கீழ்ச்சாதி என்று ஊர் ஒதுக்கிய வேலைக்காரன் வீட்டில் அடைக்கலம் புகுகிறார்கள். அவர்களோடு இருக்கும் சிறுமி, பெரியவர்கள் பதில் சொல்ல முடியாத கேள்விகளைச் சளைக்காமல் கேட்கிறாள். அந்தச் சிறுமி டைரக்டரின் அண்ணன் தம்பி வகையில் மகள்; என் அத்தையின் பெயர்க்காரி. போதாததற்கு, விதவை வேஷத்துக்கு உண்மையிலேயே விதவையான ஒரு பிராமண அம்மையாரை அவர் நடிக்கவைத்தார். இதற்காகத் தஞ்சாவூர் ஜில்லாவின் வைதிகர்கள் கூடி அவரை ஜாதியை விட்டு விலக்கிவைத்தார்கள் என்று சொல்வதுண்டு. விலக்கப்பட்டவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷமே 'சேவாசதன'த்தை எடுத்துவிட்டார்.

பிரேம்சந்தின் ஹிந்தி நாவலை, எஸ். ஸ்ரீநிவாச ஐயங்காரின் புதல்வியான அம்புஜம்மாள் தமிழாக்கி, அது ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்த கதை அது. வயதில் தகப்பன் போன்ற ஒருவருக்கு வரதட்சணைக் கொடுமையால் வாழ்க்கைப்பட்டு, அவருடைய சந்தேகத்தால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, தாசித் தெருவில் போய் நின்று, அங்கிருந்து மீண்டு சேவையில் கரைந்துபோகும் சுமதியாக நடித்தவர் எம்.எஸ். சுப்புலக்ஷ்மி, அதுவே அவருடைய முதற்படம். கிழக் கணவராக நடித்தவர் எஃப்.ஜி. நடேச ஐயர். மதுரையில் தேவதாசி மரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்து, இசையாலே தம் மதிப்பைத் தாமே சம்பாதித்துக்கொண்ட ஒரு பெண், அந்தத் தெருவுக்குள் தள்ளப்பட்டு மீளும் குலஸ்திரீயின் வேஷத்தை ஏற்றிருக்கிறார் என்பதை அன்றைய ரசிகர்கள் எந்த மனத்தோடு பார்த்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் தொடங்கிவைத்த தேவதாசி ஒழிப்பு முயற்சி சென்னை மாகாணத்தில் சட்டமாக முடிந்தது 1947-இல்தான். படம் வந்தபோது அது இன்னும் மேடைகளில் சச்சரவாகவே இருந்தது. 'சேவாசதன'த்தின் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை என்பது பெரும் நஷ்டம்.

வடக்கிலும் இதே காலத்தில் இதே காற்று வீசிக்கொண்டிருந்தது. 1936-இல் பம்பாய் டாக்கீஸார், ஃப்ரான்ஸ் ஓஸ்டன் என்ற ஜெர்மானிய டைரக்டரைக்கொண்டு 'அச்சூத் கன்யா' எடுத்தார்கள். ரயில்வே கேட்டைக் காக்கும் தீண்டாதவர் ஒருவரின் மகள் கஸ்தூரிக்கும், பிராமணப் பையன் பிரதாபுக்கும் இளம்பிராயம் முதல் வளர்ந்த அன்பு விவாகத்தில் முடிய வழியில்லாமல் போக, கடைசியில் அவள் ஓடிவரும் ரயிலை நிறுத்தப்போய் உயிரை விடுகிறாள். தேவிகா ராணியின் முகமும் அசோக் குமாரின் தயக்கமும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: தீண்டாமை தவறு என்று ஊரெல்லாம் ஒப்புக்கொள்வதற்கு அந்தப் பெண் செத்து அஸ்திவாரக்கல்லாக வேண்டியிருக்கிறது, அதற்குப்பின் அவளுக்கு நினைவுச் சின்னம் எழுப்புவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது 1937-இல் சாந்தாராம் புனாவின் பிரபாத் கம்பெனிக்காக மராத்தியில் 'குங்கு' என்றும் ஹிந்தியில் 'துனியா ந மானே' என்றும் எடுத்த படம். ஏமாற்றிக் கிழவருக்குக் கட்டிவைக்கப்பட்ட நீரா, அழுது ஒரு மூலையில் ஒடுங்குவதற்குப் பதிலாக, இதை நான் விவாகம் என்று ஒப்பமாட்டேன் என்று அந்த வீட்டுக்குள்ளேயே நிமிர்ந்து நிற்கிறாள். சாந்தா ஆப்டேயின் நிமிர்வைப் பார்க்கவேண்டும்! அந்தக் கிழவரும் வெறும் வில்லன் அல்லர். சிறிது சிறிதாகத் தம் தவற்றை உணர்ந்து, கடைசியில் தம் உயிரைப் போக்கிக்கொண்டு அவளுக்கு விடுதலை கொடுக்கிறார். பின்னணி வாத்தியங்களே இல்லாமல், வீட்டுக்குள்ளும் தெருவிலும் இயல்பாக எழும் சப்தங்களைக்கொண்டே அந்தப் படத்தை நடத்தியிருப்பதால், கடிகாரத்தின் ஓசைகூட அங்கே ஒரு பாத்திரமாகிவிடுகிறது. அங்கேயும் ஒரு மரணம் வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் இம்முறை செத்தது பெண் அல்ல.

இனி 'தியாகபூமி'க்கு வருகிறேன்.

கல்கி எழுத, விகடனில் வாரந்தோறும் அந்தக் கதை வந்துகொண்டிருந்தபோதே படமும் தயாராகிக்கொண்டிருந்தது. சித்திரக்காரர் வரையவேண்டிய இடத்தில் படத்தின் புகைப்படங்கள் அச்சாயின. ஆகவே வாசகர்கள் சாவித்திரியை எஸ்.டி. சுப்புலக்ஷ்மியின் முகத்தோடும், சம்பு சாஸ்திரியைப் பாபநாசம் சிவனின் முகத்தோடும்தான் முதலிலிருந்தே கற்பனை செய்தார்கள். என் தாத்தா அந்த இதழ்களிலிருந்து அத்தியாயங்களைக் கிழித்துச் சேர்த்து, கும்பகோணத்தில் பைண்டு செய்து வைத்திருந்தார். தையல் ஏறிய பக்கத்தில் ஒவ்வொரு வரியிலும் ஓரெழுத்து மறைந்துபோன அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுங்கரைக் கிராமத்தில் சம்பு சாஸ்திரி, புயலும் மழையும் சேரிக் குடிசைகளை அடித்துக்கொண்டு போன சமயத்தில், அந்த ஜனங்களுக்குத் தங்க இடம் கொடுத்ததற்காக அக்கிரகாரத்தின் விரோதத்தைச் சம்பாதித்துக்கொள்கிறார். அவர் மகள் சாவித்திரி, பட்டணத்து நாகரிகத்தில் மூழ்கிய ஸ்ரீதரனுக்கு மாலையிட்டு, கல்கத்தாவில் அவனாலும் மாமியாராலும் துன்புற்று, நிறைகர்ப்பிணியாகத் திருப்பி அனுப்பப்படுகிறாள். வந்து பார்த்தால் தகப்பனார் ஊரில் இல்லை. பிறந்த குழந்தையைச் சென்னையில் தந்தையின் அருகில் விட்டுவிட்டு மறைந்துபோகிறவள், பம்பாயில் அத்தையின் சொத்துக்கு வாரிசாகி, வருஷங்கள் கழித்து உமாராணி என்ற சீமாட்டியாகத் திரும்பிவருகிறாள். மோசடிக் குற்றத்தில் மாட்டிக்கொண்ட ஸ்ரீதரனைக் காப்பாற்றுகிறாள். காப்பாற்றியவள் யார் என்று தெரிந்ததும் அவன் செய்கிற முதற்காரியம், மனைவி தன்னோடு வந்து வாழவேண்டும் என்று வழக்குப் போடுவது!

அந்தக் கோர்ட்டுக் காட்சிதான் படத்தின் உயிர். எத்தனை பணம் வேண்டுமானாலும் கணவனுக்கு ஜீவனாம்சமாகக் கொடுத்துவிடுகிறேன், ஆனால் அவனோடு வாழமாட்டேன் என்று சாவித்திரி சொல்கிறாள். 1939-இல் இதைச் சொல்லக் கேட்ட காதுகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை அறிய அக்காலத்துச் சட்டத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணுக்கு விவாகம் கூடாது என்று 1929-இல் சாரதா சட்டம் வந்துவிட்டது. ஆனால் செய்துகொண்ட விவாகம் சிறையாக இருந்தால் வெளியே வர ஹிந்து ஸ்திரீக்குச் சட்டத்தில் கதவு வைக்கப்படவில்லை. சென்னை மாகாணத்தில் விவாகரத்துக்கு வழி ஏற்பட்டது 1949-இல். அதற்குமுன் ஐம்பது வருஷங்களுக்கு மேலாக, பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண், குழந்தைப் பிராயத்தில் தனக்குக் கட்டிவைத்த கணவனோடு வாழமறுத்து, அவனோடு போய் வாழ் இல்லாவிட்டால் ஆறுமாதம் சிறை என்று கோர்ட்டு சொன்னபோது சிறையே மேல் என்று பதில் சொன்ன சரித்திரம் உண்டு. சாவித்திரி அந்த ருக்மாபாயின் வழியில் வந்தவள். பேசும்படத்தில் வந்தவளாகையால் ஊர் முழுவதும் காதாரக் கேட்டது. 1955-இன் ஹிந்து திருமணச் சட்டம், வசதியற்ற கணவனும் மனைவியிடம் ஜீவனாம்சம் கோரலாம் என்று இடம்வைத்தது. பதினாறு வருஷம் முந்தியே கல்கி அதை ஏளனமாகவும் எரிச்சலாகவும் சொல்லிவைத்துவிட்டார்.

ஆனாலும் இந்தக் கதைக்கு விவாகரத்து முடிவாக வாய்க்கவில்லை. தேசம் குறுக்கே வந்துவிட்டது. சாவித்திரி சொத்தையும் பட்டையும் துறந்து கதர் கட்டி விடுதலை ஊர்வலத்தில் சேருகிறாள்; டி.கே. பட்டம்மாளின் குரல் பின்னே ஒலிக்கிறது. ஸ்ரீதரனும் மனம் திருந்தி அதே ஊர்வலத்தில் சேர்ந்து, இருவரும் கைதாகிறார்கள். புருஷனோடு வாழமாட்டேன் என்றவளை அவனோடு சேர்த்துவைக்க ஆசிரியருக்கும் மனம் வரவில்லை, அடியோடு பிரித்துவைக்கவும் துணிவில்லை. பாரதமாதா இருவரையும் சிறைக்கு அனுப்பி அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஒரு ஸ்திரீ வீட்டைவிட்டு வெளியேறி மரியாதை குறையாமல் போய்ச்சேரக்கூடிய இடங்களில் சிறைச்சாலை ஒன்று.

இப்படி நான் வியந்துகொண்டிருக்கையில், அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏண்டா, அந்தச் சேரி ஜனங்க பேரெல்லாம் என்ன?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். சாஸ்திரிக்குத் துணையாக இருக்கும் நல்லானைத் தவிர வேறு எவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை. நெடுங்கரைச் சேரி ஜனங்கள் மழையில் நனைகிறார்கள், நன்றியோடு நிற்கிறார்கள். பின்னால் சென்னையில் சாவடிக்குப்பத்தில் சாஸ்திரி பஜனை செய்து, அந்த ஏழைகளைக் குடியிலிருந்து மீட்கும்போது, அவர்கள் மீட்கப்படுகிறார்கள். தம் நிலையைப் பற்றி அவர்களில் ஒருவர் வாய்திறந்து, சாவித்திரி கோர்ட்டில் பேசியது போல, எங்களுக்கு உம்முடைய இரக்கம் வேண்டாம், எங்கள் பங்கு வேண்டும் என்று பேசும் ஒரு நிமிஷம் அந்த நீண்ட படத்தில் கிடையாது. ஜாதியின் கொடுமை சாஸ்திரியின் பெருந்தன்மையை விளக்கிக்காட்டும் பின்திரையாகிவிட்டது. பெண்ணின் பிரச்னையில் பெண்ணே பேசினாள். தீண்டாமையின் பிரச்னையில் தீண்டாதவர் பேசவில்லை, அவருக்காக ஒரு நல்ல பிராமணர் பேசினார். பம்பாயில் கஸ்தூரி செத்துப் பேசினாள். இங்கே அதுவும் இல்லை. அதே இடத்தில் வேறு யாரையும் வைத்து அந்த வருஷத்தில் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியுமா, எடுத்திருந்தால் கொட்டகையில் ஓடியிருக்குமா என்று கேட்பவர்களின் நியாயமும் எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தாலும் அத்தையின் கேள்வி கேள்விதான்.

இதைச் சொல்லும்போதே, அந்தப் படம் வெறும் நல்லெண்ணத்தோடு நின்றுவிட்டது என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 1939 மே 20-ஆம் தேதி 'தியாகபூமி' வெளியாயிற்று. ஜூலை 8-ஆம் தேதி மதுரையில் வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களை அழைத்துக்கொண்டு மீனாக்ஷியம்மன் கோவிலுக்குள் பிரவேசித்தார். இடையில் ஏழு வாரம். படத்தால் கோவில் திறந்தது என்று சொன்னால் அது பேதைமை. திருவாங்கூரில் 1936-லேயே மகாராஜா கோவில்களைத் திறந்துவிட்டார், மதுரையில் அதற்காக வெகுநாள் பிரசாரம் நடந்திருந்தது. ஆனால் மாலைக்காட்சியில் ஒரு சாஸ்திரி ஜாதிக்கட்டை மீறுவதைப் பார்த்து உருகிய ஜனங்களில் சிலர், மறுநாள் காலை பத்திரிகையில் கோவில் பிரவேசச் செய்தியைப் படித்துத் தங்களுக்குள்ளே சற்றுத் தடுமாறியிருப்பார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை.

சர்க்காருக்கும் அது விளங்கியிருந்தது. ராஜாஜிக்குச் சினிமா என்றால் வேப்பங்காய். சத்தியமூர்த்திதான் காங்கிரஸில் சினிமாக்காரர்களின் தோழர். எப்படியிருந்தபோதிலும், காங்கிரஸ் மந்திரிசபை இருந்தவரையில் தேசியப் படங்களுக்குத் தணிக்கைக்காரர்களின் கெடுபிடி தளர்ந்திருந்தது. யுத்தம் மூண்டு, 1939 அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமாச் செய்தபின், 1940-இல் 'தியாகபூமி'க்குத் தடைவந்தது. தடையுத்தரவு அமலுக்கு வருமுன், ரகுபதி வெங்கையா கட்டுவித்த சென்னை கெயிட்டி தியேட்டரில் படத்தை இலவசமாக ஓயாமல் ஓட்டினார்கள் என்றும், கூட்டம் மொய்த்து அலைமோதியபோது போலீஸார் தடியடி நடத்தினார்கள் என்றும் பதிவாகியிருக்கிறது. சுப்ரமண்யம் அதே வருஷம் 'பக்த சேதா' எடுத்தார். செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த பக்தனின் கதை. அவர் படமெடுத்த ஸ்டூடியோ தீவிபத்துக்குப்பின் ஏலத்துக்கு வந்து, வாசன் கைக்குப்போய் ஜெமினியாயிற்று. அதற்குப்பிறகு சினிமா பிரம்மாண்டத்தின் பாதையில் போனது வேறு கதை.

அத்தை ஊருக்குப் புறப்படும் அன்று, தாத்தாவின் பைண்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டிருந்தவரிடம், பாட்டியும் இதைப் படித்திருப்பாளா என்று கேட்டேன். "அம்மாவா? கதைப் புஸ்தகம் படிக்கிறது வேலையத்தவங்க காரியம்னு அப்பாவைத் திட்டுவா. அவ கையாலே தொட்டு நான் பார்த்ததில்லே" என்றார்.

நான் அந்தக் கோர்ட்டு அத்தியாயத்தைப் பிரித்துக் காட்டினேன். பக்கத்தின் கீழ்மூலையில், வலதுகைக் கட்டைவிரல் படுகிற இடத்தில், காகிதம் கண்ணாடிபோலத் தெரியும்படி எண்ணெய்க் கறை ஊறியிருக்கிறது. அடுத்த பக்கத்திலும், அதற்கு அடுத்ததிலும். புத்தகத்தின் மற்ற அத்தியாயங்கள் சுத்தமாக இருக்கின்றன. அத்தை கறையின் மேல் தம் கட்டைவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டார்.